அக்சஸ் தரவுத்தளக் கோப்பு ஏன் ஊதிப் பெருக்கிறது, அதை எப்படிச் சுருக்குவது: முழுமையான வழிகாட்டி

கொழும்பு, புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் உள்ள ஒரு மொத்த வியாபாரக் கடையில், மைக்ரோசொஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸில் கணக்கு எழுதும் கோப்பு ஒரு நாள் காலையில் புதிய பற்றுச்சீட்டு எதையும் ஏற்க மறுத்துவிட்டது. திரையில் வந்தது ‘இன்வலிட் ஆர்கியூமென்ட்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. கணக்குப்பிள்ளை தாம் ஏதோ தவறாகத் தட்டச்சு செய்துவிட்டதாக நினைத்து, அதே பற்றுச்சீட்டை ஏழெட்டு முறை திரும்பப் பதிந்து பார்த்திருக்கிறார். நான் போய்க் கோப்பின் அளவைப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. கோப்பு 2 ஜிகாபைட்டைத் தொட்டிருந்தது. அக்சஸ் கோப்பு ஒன்று அதற்கு மேல் வளர முடியாது. நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது பற்றுச்சீட்டு எழுதும் கடைக்கு அவ்வளவு தரவு எங்கிருந்து வரும்? சுருக்கி முடித்தபோது 180 மெகாபைட்தான் மிஞ்சியது. மீதி எல்லாம் வெற்றிடம்.

இந்த வெற்றிடம் எப்படி உண்டாகிறது, அதை எப்படிப் பாதுகாப்பாக அகற்றுவது, மீண்டும் உண்டாகாமல் எப்படித் தடுப்பது என்பதை ஒரு முறை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். சுருக்கும் பொத்தானை அழுத்தத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் சுருக்கிய கோப்பு ஒரே வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிட்டால், நோய் அந்தக் கோப்பின் அமைப்பில் இருக்கிறது என்று பொருள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கோப்புக்குள் நடப்பது என்ன

அக்சஸ் தன் தரவைப் பக்கம் பக்கமாக எழுதிவைக்கிறது. அக்சஸ் 2000 முதல் ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைட்; அதற்கு முந்தைய பதிப்புகளில் 2 கிலோபைட். பதிவுகள், அவற்றை விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ்கள், படிவங்கள், அறிக்கைகள், நிரல்கள் எல்லாமே இந்தப் பக்கங்களில்தான் இடம்பிடிக்கின்றன. நீங்கள் ஒரு பதிவை நீக்கும்போது அந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறதே தவிர, கோப்பு அந்த அளவுக்குச் சிறியதாவதில்லை. காலியான இடத்தில் ஒரு பகுதி பின்னர் வரும் பதிவுகளுக்குப் பயன்படலாம். ஆனாலும் வன்தட்டில் கோப்பு பிடித்துக்கொண்ட இடத்தைத் தானாக ஒருபோதும் திருப்பிக் கொடுப்பதில்லை. பத்தாயிரம் பதிவுகளைச் சேர்த்து, பத்தாயிரத்தையும் நீக்கி, மறுநாள் மீண்டும் சேர்க்கும் கோப்பு ஒவ்வொரு நாளும் சற்று வளர்ந்துகொண்டே போவது இதனால்தான்.

இதைக் குறையென்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு நீக்கத்தின்போதும் கோப்பு முழுவதையும் மீண்டும் அடுக்கி எழுதுவதென்றால் வேலை நகராது. அதனால்தான் அடுக்கி எழுதும் வேலையைத் தனியே ஒதுக்கி, அதற்குக் ‘கொம்பக்ட் அன்ட் ரிப்பெயார்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

முதற்படி: சுருக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

கோப்பின் பிரதி ஒன்றை வேறொரு வன்தட்டிலோ பென் டிரைவிலோ எடுத்துவையுங்கள். அவசரத்தில் இதைத் தவிர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சுருக்கும்போது அக்சஸ் அதே கோப்புறையில் புதிய கோப்பொன்றை உருவாக்கி, பழையதிலிருந்து எல்லாவற்றையும் அதற்குள் எழுதி, முடிந்ததும் பழையதை நீக்கிவிட்டுப் புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. இடையில் மின்சாரம் போனால் இரண்டு கோப்புகளும் அரைகுறையாக நிற்கும் நிலை வரலாம். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தைக் கொழும்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று நிலைமை அப்படி இல்லையென்றாலும், யுபிஎஸ் இல்லாத கணினியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மடிக்கணினியில் செய்தால் மின்கலம் நிறைந்திருக்கட்டும்.

கோப்புறையில் ‘டேட்டாபேஸ்’, ‘டேட்டாபேஸ் 1’ போன்ற பெயர்களில் நீங்கள் உருவாக்காத கோப்புகள் கிடந்தால், முன்பு எப்போதோ சுருக்கும் வேலை பாதியில் நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அவற்றை உடனே அழித்துவிடாமல், மூலக் கோப்பு நலமாகத் திறக்கிறதா, கடைசிப் பதிவுகள் இருக்கின்றனவா என்று உறுதிசெய்த பின்னரே அகற்றுங்கள்.

அடுத்தது, அந்தக் கோப்பை வேறு யாரும் திறந்து வைத்திருக்கக் கூடாது. ஒருவர் திறந்திருந்தாலும் சுருக்க முடியாது. அதை அறிய, கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரில் எல்ஏசிசிடிபி என்ற பின்னொட்டுடன் (பழைய எம்டிபி கோப்பென்றால் எல்டிபி என்ற பின்னொட்டுடன்) ஒரு பூட்டுக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதை நோட்பேடில் திறந்தால் கணினிகளின் பெயர்கள் தெரியும். கோப்பை மூடிவிட்ட கணினியின் பெயரும் அதில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பெயர் இருப்பதை மட்டும் வைத்து யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம். எல்லோரும் முறையாக வெளியேறிய பின் அந்தப் பூட்டுக் கோப்பு தானாகவே மறைந்துவிடும்.

எல்லோரையும் வெளியேற்ற வசதியான நாள் என்று பார்த்தால், கொழும்பு வியாபாரிகளுக்குப் பௌர்ணமி விடுமுறையான போயா நாளை விடச் சிறந்ததில்லை. மாதத்துக்கு ஒரு முறை வரும், வங்கிகளும் பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும், நாள்காட்டியைப் பார்த்தாலே நினைவுக்கு வந்துவிடும். நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் எல்லாம் போயாவுக்கு மறுநாள் காலை கடை திறக்கும்போது கோப்பு சுருங்கியிருக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன்.

கடைசியாக, இடம். பழைய கோப்பும் புதிய கோப்பும் சிறிது நேரம் ஒருங்கே இருக்கும் என்பதால், கோப்பின் அளவுக்காவது வன்தட்டில் காலியிடம் வேண்டும்.

இரண்டாம் படி: சுருக்குதல்

கோப்பு வலையமைப்பில் வேறொரு கணினியில் இருந்தால், அங்கேயே வைத்துச் சுருக்காதீர்கள். முழுக் கோப்பும் கம்பி வழியே போய்வர வேண்டியிருப்பதால் நேரமும் ஆபத்தும் கூடுகின்றன. முதலில் உங்கள் கணினிக்குப் பிரதியெடுத்து, இங்கே சுருக்கி, மூலக் கோப்புக்கு வேறு பெயர் சூட்டி ஒதுக்கிவிட்டு, சுருங்கிய கோப்பை அதன் இடத்தில் வையுங்கள். ஒதுக்கிய கோப்பை ஒரு வாரத்துக்காவது அழிக்க வேண்டாம்.

சுருக்குவதற்கு, கோப்பைத் திறந்து ‘டேட்டாபேஸ் டூல்ஸ்’ தாவலில் ‘கொம்பக்ட் அன்ட் ரிப்பெயார் டேட்டாபேஸ்’ பொத்தானை அழுத்தினால் போதும். ‘ஃபைல்’ பட்டியலில் ‘இன்ஃபோ’ பக்கத்திலும் அதே பொத்தான் இருக்கிறது. கோப்பு திறக்கவே மறுத்தால், எந்தக் கோப்பையும் திறக்காமல் அக்சஸை மட்டும் திறந்து, அதே பொத்தானை அழுத்தினால் எந்தக் கோப்பைச் சுருக்க வேண்டும் என்று கேட்கும்.

முடிந்ததும் மூன்றைச் சரிபாருங்கள். முக்கியமான அட்டவணைகளில் பதிவுகளின் எண்ணிக்கை முன்பிருந்ததற்குச் சமமாக இருக்கிறதா? பழுதடைந்து மீட்க முடியாமல் போன பதிவுகள் இருந்தால் அவற்றைப் பற்றிய குறிப்பு ‘எம்சிஸ் கொம்பக்ட் எரர்ஸ்’ என்ற அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். அப்படி ஓர் அட்டவணை தோன்றியிருக்கிறதா? மூன்றாவதாக, ஒவ்வொரு பதிவுக்கும் அக்சஸ் தானாகக் கொடுக்கும் தானியங்கி எண்ணைப் பற்றுச்சீட்டு எண்ணாகப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? கடைசியில் இருந்த சில பதிவுகளை நீக்கிவிட்டுச் சுருக்கும்போது, அடுத்த தானியங்கி எண் மிஞ்சியிருக்கும் கடைசி எண்ணிலிருந்து தொடரக்கூடும். ஒரே எண்ணில் இரண்டு பற்றுச்சீட்டுகள் வெளியே போய்விட்டால் அதைச் சரிசெய்வது பெரும் சிரமம். பற்றுச்சீட்டு எண்ணுக்குத் தனிப் புலம் வைப்பதே முறை.

‘கொம்பக்ட் ஒன் க்ளோஸ்’ என்று ஒரு வசதி உண்டு. கோப்பை மூடும்போதெல்லாம் தானாகச் சுருக்கும். பலர் இதை இட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்; நான் பரிந்துரைப்பதில்லை. கணினியை அணைக்கும் அவசரத்தில் சுருக்கும் வேலை குறுக்கிடப்படும் வாய்ப்பு அதிகம். அதோடு, தரவு வேறொரு கோப்பில் இருந்தால் இந்த வசதி நீங்கள் திறந்த கோப்பை மட்டுமே சுருக்கும். உண்மையில் வளர்ந்துகொண்டிருக்கும் தரவுக் கோப்பைத் தொடாது.

மூன்றாம் படி: எது ஊதுகிறது என்று கண்டுபிடித்தல்

சுருக்கிய உடனே கோப்பின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் சேர்ந்த பதிவுகளுக்குத் தகுந்த வளர்ச்சி என்றால் கவலையில்லை. பல மடங்கு என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

எந்த அட்டவணை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அக்சஸ் காட்டுவதில்லை. ஆகவே நான் பின்பற்றும் முறை இது: புதிய வெற்றுக் கோப்பொன்றை உருவாக்கி, ‘எக்ஸ்டேர்னல் டேட்டா’ தாவல் வழியாகப் பழைய கோப்பிலிருந்து ஒரே ஒரு அட்டவணையை இறக்குமதி செய்து, மூடி, அளவைப் பார்க்கிறேன். பிறகு அடுத்த அட்டவணை. ஒவ்வொரு முறையும் கூடும் அளவே அந்த அட்டவணையின் எடை. எல்லா அட்டவணைகளும் வந்த பின்னும் புதிய கோப்பு, சுருக்கிய பழைய கோப்பை விட மிகச் சிறியதாக இருந்தால், கனம் படிவங்களிலும் அறிக்கைகளிலும் அவற்றில் பதித்த படங்களிலும் இருக்கிறது. அரை மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனை, ஊகத்தில் அலையும் பல நாள்களை மிச்சப்படுத்தும்.

தற்காலிக அட்டவணைகள்

நான்காம் குறுக்குத்தெருக் கடையில் நடந்தது இதுதான். ஒவ்வொரு காலையும் கிட்டங்கியிலிருந்து வரும் எக்செல் இருப்புப் பட்டியல் முழுவதையும் அக்சஸுக்குள் இறக்கி, நேற்றைய பட்டியலை அழித்து, விலை கணக்கிட்டு, முடிவை வேறோர் அட்டவணையில் எழுதி, மாலையில் அதையும் அழித்துவந்தார்கள். அட்டவணைகள் எப்போது பார்த்தாலும் சிறியவையாகவே இருந்தன. கோப்போ நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போனது.

இதற்குச் சரியான மருந்து, தற்காலிக அட்டவணைகளைத் தனியொரு தற்காலிகக் கோப்பில் வைப்பதுதான். வெற்று அட்டவணைகள் கொண்ட ஒரு மாதிரிக் கோப்பைத் தயாரித்து வைத்துக்கொண்டு, நாள்தோறும் வேலை தொடங்கும்போது அதன் பிரதியொன்றை நேற்றைய தற்காலிகக் கோப்பின் மேல் எழுதிவிட வேண்டும். முதன்மைக் கோப்பு அந்த அட்டவணைகளை இணைப்பாக மட்டுமே பார்க்கும். தற்காலிகக் கோப்பு எவ்வளவு ஊதினாலும் மறுநாள் காலை புதிதாகப் பிறக்கும். இரண்டாவது வழி, எக்செல் பட்டியலை இறக்குமதி செய்யாமல் இணைத்துக்கொண்டு, மாறிய வரிகளை மட்டும் புதுப்பிப்பது. அந்தக் கடையில் இரண்டையும் சேர்த்துச் செய்தோம்.

படங்கள்

அடுத்த பெருங்காரணம் இதுவே. அடையாள அட்டைப் பிரதி, காசோலையின் படம், கையொப்பமிட்ட விநியோகச் சீட்டு ஆகியவற்றை ‘ஓஎல்இ’ வகைப் புலத்தில் பதிக்கும்போது, மூலப் படத்தோடு, ஒவ்வொரு புள்ளியையும் சுருக்காமல் எழுதும் பிட்மேப் வடிவமும் சேர்ந்து பதிவாகக்கூடும். பிட்மேப் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏ4 தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் 2480 அகலமும் 3508 உயரமும் கொண்ட படம் கிடைக்கும். புள்ளியொன்றுக்கு 3 பைட் வீதம் அது ஏறத்தாழ 26 மெகாபைட். அதே தாள் ஜேபெக் வடிவத்தில் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். எண்பத்திரண்டு தாள்களைப் பிட்மேப்பாகப் பதித்தால், வேறெதுவும் இல்லாமலே 2 ஜிகாபைட் நிறைந்துவிடும்.

படங்களைச் சாதாரணக் கோப்புறையில் வைத்து, அவை இருக்கும் பாதையை மட்டும் எழுத்துப் புலத்தில் எழுதிவையுங்கள். அட்டாச்மென்ட் வகைப் புலம் ஓஎல்இயை விட நல்லது. ஆனால் 2 ஜிகாபைட் எல்லை அதற்கும் பொருந்தும். படிவங்களின் தலைப்பில் வைக்கும் நிறுவனச் சின்னத்தையும் கவனியுங்கள். ‘ஒப்ஷன்ஸ்’ பெட்டியில் ‘கரன்ட் டேட்டாபேஸ்’ பகுதியில், படங்களை மூல வடிவத்திலேயே வைத்துக்கொள்ளும் தெரிவும், எல்லாவற்றையும் பிட்மேப்பாக மாற்றும் தெரிவும் இருக்கின்றன. முதலாவதைத் தெரிவுசெய்து, ஏற்கெனவே பதித்த படங்களை நீக்கி மீண்டும் பதியுங்கள்.

தேவையற்ற இன்டெக்ஸ்கள்

பெயரின் தொடக்கத்திலோ முடிவிலோ ஐடி, கீ, கோட், நம் ஆகிய ஆங்கிலச் சொற்கள் வரும் புலங்களுக்கெல்லாம் அக்சஸ் கேட்காமலே இன்டெக்ஸ் உருவாக்கும்படி இயல்பில் அமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு அட்டவணைகளுக்கிடையே தொடர்பை வலியுறுத்தும்போதும் கண்ணுக்குத் தெரியாத இன்டெக்ஸ் ஒன்று உருவாகிறது. ஆக, ஒரே புலத்துக்கு இரண்டு இன்டெக்ஸ்கள் அமைந்துவிடுவது சாதாரணம். அட்டவணையை வடிவமைப்புத் தோற்றத்தில் திறந்து, இன்டெக்ஸ் பட்டியலைப் பார்த்து, இரட்டித்தவற்றை நீக்குங்கள். ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியைத் தொடாதீர்கள்.

எழுத்துப் புலத்தின் அளவை 255இலிருந்து 50 ஆகக் குறைத்தால் இடம் மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. அக்சஸ் எழுத்துப் புலத்தில் நீங்கள் எழுதிய அளவுக்கே இடம் எடுக்கிறது. புலத்தின் அளவு ஓர் உச்ச வரம்பு மட்டுமே.

தமிழ் எழுத்தும் கோப்பின் அளவும்

நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் உரிய ஒரு காரணம் உண்டு. அக்சஸ் 2000 முதல் எழுத்துகள், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில், எழுத்துக் குறியொன்றுக்கு இரண்டு பைட் வீதம் பதிவாகின்றன. இதை ஈடுசெய்ய ‘யூனிகோட் கொம்ப்ரெஷன்’ என்ற பண்பு இருக்கிறது. ஆனால் இரண்டு பைட்களில் முதலாவது சுழியமாக இருக்கும் குறிகளை மட்டுமே அது ஒரு பைட்டுக்குச் சுருக்கும். ஆங்கில எழுத்துகள் அப்படிப்பட்டவை. தமிழும் சிங்களமும் யூனிகோடில் வேறிடத்தில் இருப்பதால் அவற்றுக்கு இந்தச் சுருக்கம் கிடையாது.

பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய வாடிக்கையாளர் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றியதும் கோப்பு பெருத்துவிட்டது என்று வெள்ளவத்தையில் ஒரு நண்பர் கவலைப்பட்டார். காரணம் இதுதான். பாமினியில் எழுதுவது கணினிக்கு ஆங்கில எழுத்துகளாகவே தெரிவதால் பெரும்பாலும் ஒரு பைட்டில் அடங்கியது. உண்மையான தமிழாக மாறியதும் இரண்டு பைட் எடுத்தது. இந்த வளர்ச்சியைக் கண்டு யாரும் பாமினிக்குத் திரும்ப வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். யூனிகோடில்தான் தமிழ்ப் பெயர்களைத் தமிழாகத் தேட முடியும், வேறெந்தக் கணினியிலும் படிக்க முடியும். பத்தாயிரம் வாடிக்கையாளர்களின் பெயரையும் முகவரியையும் தமிழில் எழுதினாலும் கூடுவது ஒரு சில மெகாபைட்தான். ஒரே ஒரு பிட்மேப் படத்தை அகற்றினால் அதைவிடப் பல மடங்கு மிச்சம்.

நான்காம் படி: கோப்பை இரண்டாகப் பிரித்தல்

அட்டவணைகள் ஒரு கோப்பிலும், படிவங்கள், அறிக்கைகள், வினவல்கள், நிரல்கள் மற்றொரு கோப்பிலும் இருக்க வேண்டும். ‘டேட்டாபேஸ் டூல்ஸ்’ தாவலில் ‘அக்சஸ் டேட்டாபேஸ்’ என்ற பொத்தான் இந்தப் பிரிவினையைச் செய்து, இணைப்புகளையும் அமைத்துக் கொடுக்கும். தரவுக் கோப்பு பொதுக் கணினியில் இருக்கட்டும். மற்றதன், அதாவது முன்கோப்பின், பிரதி ஒவ்வொருவரின் கணினியிலும் தனித்தனியே இருக்கட்டும். முன்கோப்பு ஊதினால் அதைச் சுருக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, புதிய பிரதியொன்றை வைத்தால் முடிந்தது. தரவுக் கோப்பை ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைக்கும் கோப்புறையில் வைத்துப் பலர் திறப்பது ஆபத்து, கோப்பு பழுதடையும்.

படிவங்களையும் நிரல்களையும் பல ஆண்டுகளாகத் திருத்திவந்த முன்கோப்பு, சுருக்கிய பின்னும் கனமாகவே இருந்தால், புதிய வெற்றுக் கோப்பில் எல்லாவற்றையும் இறக்குமதி செய்யுங்கள். பழைய நிரல்களின் எச்சங்கள் பெரும்பாலும் வந்து சேராது.

அக்சஸ் அல்லாத கோப்புகள்

ஃபொக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதிய மென்பொருள்கள் இன்னும் சில கடைகளில் ஓடுகின்றன. அவற்றில் நீக்கிய பதிவு அழிவதில்லை, நீக்கப்பட்டதாகக் குறியிடப்படுகிறது. ‘பெக்’ கட்டளையே அதை உண்மையில் அகற்றும். எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் கோப்புகளுக்கு ‘வேக்கியூம்’ கட்டளை. அதுவும் புதிய கோப்பொன்றை எழுதித்தான் வேலையை முடிக்கிறது என்பதால், மூலக் கோப்பைப் போல் இரு மடங்கு வரை காலியிடம் தேவைப்படலாம்.

சுருக்கிய பின்னும் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டினால்

அப்போது அது வெற்றிடம் அல்ல, உண்மையான தரவு. பழைய ஆண்டுகளின் பதிவுகளைத் தனிக் கோப்புக்கு மாற்றலாம். எத்தனை ஆண்டுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதைக் கணக்காய்வாளரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். மாற்றும்போது முதலில் புதிய கோப்பில் சேர்த்து, எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் ஒப்பிட்டு, அதன் பின்னரே பழைய கோப்பிலிருந்து நீக்கி, சுருக்குங்கள்.

தரவு இன்னும் வேகமாக வளருமென்றால் மைக்ரோசொஃப்டின் மற்றொரு தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிகாபைட் இடம் தருகிறது. படிவங்களும் அறிக்கைகளும் அக்சஸிலேயே இருக்க, அட்டவணைகள் மட்டும் அங்கே போகும். நான்காம் குறுக்குத்தெருக் கடைக்கு இது தேவைப்படவில்லை. அங்கே தரவுக் கோப்பு இருக்கும் கணினிக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு போயா நாளிலும் சுருக்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவைக் கணக்குப்பிள்ளை அதில் தம் கையால் எழுதிவைக்கிறார். இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஐம்பது மெகாபைட்டைத் தாண்டினால் என்னை அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.